முகவரிப் புத்தகத்தில் ஒரே ஆள் மூன்று முறை: எதை அழிப்பது, எதை வைப்பது?

#1 கடிதக்காரி | திங்கள், காலை 9:40

வணக்கம். ஒரு சிறு வாசிப்புக் குழுவின் மாதக் கடிதத்தை நான்தான் மின்னஞ்சலில் அனுப்புகிறேன். தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். ஆறு வாரத்துக்கு முன் கணினியை மாற்றினேன். அன்றிலிருந்து முகவரிப் புத்தகம் என் கட்டுப்பாட்டில் இல்லை.

ஒரே ஆள் இரண்டு முறை, மூன்று முறை இருக்கிறார். ஒன்றில் பெயர் தமிழில், இன்னொன்றில் ஆங்கிலத்தில், மூன்றாவதில் பெயரே இல்லாமல் முகவரி மட்டும். "எல்லா முகவரிப் புத்தகங்களும்" என்ற இடத்தில் பார்த்தால் மொத்தம் 1,395 காட்டுகிறது. எனக்குத் தெரிந்தவர்கள் நானூறு பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள்.

சும்மா அசிங்கமாக இருக்கிறது என்பதற்காகக் கேட்கவில்லை. போன மாதக் கடிதம் மூன்று பேருக்கு இரண்டிரண்டு முறை போயிருக்கிறது. ஓர் அம்மாவுக்குப் போகவே இல்லை. அவர் எப்போதோ விட்டுவிட்ட பழைய முகவரிக்குப் போயிருக்கிறது. "என்னைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டீர்களா?" என்று அவர் கேட்டபோது மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது.

ஒவ்வொன்றாக உட்கார்ந்து அழிக்கவும் தயார். ஆனால் எதை அழிப்பது, எதை வைப்பது என்றே தெரியவில்லை. வழி சொல்லுங்கள்.

#2 சாளரம்_திற | திங்கள், காலை 10:05

அக்கா, இதுக்கு ஏன் இவ்வளவு கஷ்டப்படணும்? உங்க ஃபோன்ல தொடர்புகள் சரியா இருக்குதானே? கணினில இருக்கிற எல்லாத்தையும் மொத்தமா செலக்ட் பண்ணி அழிச்சிடுங்க. ஃபோன்லருந்து ஒரு தடவை எக்ஸ்போர்ட் பண்ணி இம்போர்ட் பண்ணுங்க. பத்து நிமிஷ வேலை. நான் அப்படித்தான் செஞ்சேன்.

#3 நூலேணி | திங்கள், காலை 10:32

கடிதக்காரி, தயவுசெய்து இப்போது எதையும் அழிக்காதீர்கள். மேலே நண்பர் சொன்ன வழி அவருக்குச் சரியாக வந்திருக்கலாம். உங்கள் கதை வேறாகத் தெரிகிறது. அவர் வழியில் இரண்டு ஆபத்துகள் உண்டு.

ஒன்று, அந்தப் புத்தகங்களில் ஏதாவது ஒன்று சர்வரோடு சிங்க் ஆகிக்கொண்டிருந்தால், கணினியில் அழிப்பது ஃபோனிலும் அழியும். பிறகு எதிலிருந்து எக்ஸ்போர்ட் செய்வது? இன்னொன்று, உங்கள் மாதக் கடிதம் ஒரு அஞ்சல் பட்டியல் வழியாகத்தானே போகிறது? பட்டியல் என்பது தொடர்பு அட்டைகளை, அதாவது ஒவ்வொரு ஆளின் பதிவை, சுட்டிக்காட்டும் ஒரு வரிசை, அவ்வளவுதான். அட்டையை அழித்தால் அந்த ஆள் பட்டியலிலிருந்தும் போய்விடுவார். அதை யாரும் எச்சரித்துச் சொல்ல மாட்டார்கள்.

முதலில் சில விவரங்கள் தேவை. இடப்பக்கம் இருக்கும் ஒவ்வொரு புத்தகத்தையும் தனித்தனியாகச் சொடுக்கி, அதில் எத்தனை தொடர்புகள் என்று பாருங்கள். மொத்த எண் எதையும் சொல்லாது, தனித்தனி எண்தான் கதை சொல்லும். கணினி மாற்றியபோது என்னென்ன செய்தீர்கள் என்பதையும் நினைவிலிருக்கும் வரிசையில் எழுதுங்கள்.

#4 கடிதக்காரி | திங்கள், மதியம் 1:15

நல்ல வேளை, இன்னும் எதையும் தொடவில்லை.

தனிப்பட்ட முகவரிப் புத்தகம்: 796
சேகரித்த முகவரிகள்: 187
என் ஜிமெயில் பெயரில் இருக்கும் புத்தகம்: 412

செய்தது இது. முதலில் ஃபோனிலிருந்து ஒரு ஃபைல் எடுத்து இம்போர்ட் செய்தேன். தமிழ்ப் பெயர்கள் எல்லாம் சமக்குறியும் எண்ணும் கலந்த குப்பையாக வந்தன. பயந்துபோய், ஜிமெயில் தொடர்புகள் பக்கத்திலிருந்து சிஎஸ்வி என்ற அட்டவணை ஃபைல் எடுத்து மறுபடி இம்போர்ட் செய்தேன். பெயர் சரியாக வந்தது. குப்பையாக வந்ததை அழித்தேன். பிறகு பாதி பேருக்குத் தொலைபேசி எண் வரவில்லை என்று தோன்றியதால் இன்னொரு முறை அதையே செய்தேன். அதற்கும் பிறகு, ஜிமெயில் கணக்கை நேரடியாக முகவரிப் புத்தகத்தில் சேர்க்கலாம் என்று ஒருவர் சொன்னார். அதையும் சேர்த்தேன்.

பட்டியல் தனிப்பட்ட புத்தகத்துக்குள் இருக்கிறது. அதில் 64 பேர்.

#5 நூலேணி | திங்கள், மதியம் 2:20

796ஐ இரண்டால் வகுத்துப் பாருங்கள். 398. ஒரே சிஎஸ்வி ஃபைல் அப்படியே இரண்டு முறை ஏறியிருக்கிறது. அந்த 398 பேரும் ஜிமெயில் புத்தகத்தில் இருக்கும் 412 பேரில் பெரும்பாலும் அடக்கம். 187 என்பது நீங்கள் கடிதம் அனுப்பிய ஆட்களின் முகவரியைத் தண்டர்பேர்ட் தானாகவே எழுதிவைத்தது. பெயரில்லாத பதிவுகள் பல அங்கிருந்துதான் வருகின்றன.

ஏன் இப்படி ஆனது என்று தெரிந்தால் மறுபடி ஆகாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒவ்வொரு தொடர்பு அட்டைக்கும் உள்ளே ஓர் அடையாள எண் உண்டு. யூஐடி என்பார்கள். நம் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு இயந்திரங்கள் "இது நான் ஏற்கெனவே பார்த்த அட்டைதானே?" என்று முடிவு செய்வது பெயரை வைத்தல்ல, இந்த எண்ணை வைத்துத்தான். தொடர்புகளுக்கென்றே உள்ள வீகார்டு வடிவ ஃபைலில் இந்த எண் இருக்க இடம் உண்டு. கார்டுடாவ் என்ற சிங்க் முறையை (உங்கள் ஜிமெயில் புத்தகம் கணினிக்கு வருவது இதன் வழியாகத்தான்) வரையறுக்கும் ஆர்எஃப்சி 6352 என்ற இணையத் தர ஆவணம் 2011இல் வந்தது. ஒரு புத்தகத்துக்குள் ஒரே யூஐடி இரண்டு அட்டைகளுக்கு இருக்கக் கூடாது என்பது அதிலேயே விதி. சிஎஸ்வி அப்படியல்ல. அது வெறும் அட்டவணை: பெயர் ஒரு கட்டம், மின்னஞ்சல் ஒரு கட்டம். அதை இம்போர்ட் செய்யும்போது தண்டர்பேர்ட் ஒவ்வொரு வரிக்கும் புதிதாக ஓர் அடையாள எண் போடும். நூறு முறை ஏற்றினால் நூறு மடங்காகும். அதன் கணக்கில் அவை எல்லாம் வேறு வேறு ஆட்கள்.

ஆக, உங்களுக்கு இரட்டைப் பதிவு வந்த வழிகள் மூன்று: சிஎஸ்வி இரு முறை ஏறியது, அதே ஆட்கள் சர்வர் வழியாகவும் வந்தது, தானாகச் சேகரிப்பது. வழியை அடைக்காமல் அழித்தால், அடுத்த மாதம் இதே கேள்வியோடு வருவீர்கள்.

இன்று செய்ய வேண்டியது இரண்டே:

செட்டிங்ஸில் கம்போசிஷன் பகுதிக்குப் போனால், அனுப்பும் முகவரிகளைத் தானாகப் புத்தகத்தில் சேர்க்கும் தேர்வு இருக்கும். அந்தக் குறியை எடுத்துவிடுங்கள்.

அடுத்தது பேக்கப். தண்டர்பேர்டை முழுவதும் மூடிவிட்டு, உங்கள் அஞ்சல், அமைப்புகள் எல்லாம் இருக்கும் புரொஃபைல் ஃபோல்டரை அப்படியே வேறொரு இடத்துக்கு நகலெடுங்கள். ஹெல்ப் மெனுவில் ட்ரபிள்ஷூட்டிங் தகவல் பக்கத்தைத் திறந்தால் அந்த ஃபோல்டர் எங்கே என்று காட்டும். தனிப்பட்ட புத்தகம் ஏபுக் என்ற பெயரிலும், சேகரித்த முகவரிகள் ஹிஸ்டரி என்ற பெயரிலும் அங்கே எஸ்கியூலைட் எனும் தரவுத்தள ஃபைல்களாக இருக்கும். திறந்திருக்கும்போது நகலெடுக்க வேண்டாம். கடைசியாகச் செய்த மாற்றங்கள் நகலில் விட்டுப்போகலாம்.

#6 சாளரம்_திற | திங்கள், மதியம் 2:41

நூலேணி அண்ணா சொல்றது சரி. பட்டியல் விஷயம் எனக்குத் தோணவே இல்ல. நான் பட்டியல் வெச்சுக்கிட்டதில்ல, அதனால தப்பிச்சேன். அக்கா, நான் சொன்னதை விட்டுடுங்க.

ஒரு சந்தேகம். அவங்க ஃபோன்ல ஒவ்வொருத்தரும் ஒரு தடவைதான் தெரியறாங்கன்னா, அதே ஜிமெயில் புத்தகத்துல கணினில மட்டும் எப்படி ரெண்டு வரும்?

#7 நூலேணி | திங்கள், மாலை 4:10

நல்ல கேள்வி. ஃபோன் ஒன்றாகக் காட்டுவதும், உண்மையிலேயே ஒன்றாக இருப்பதும் வேறு வேறு.

ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு கணக்கிலிருந்தும் வரும் பதிவு தனியாகத்தான் சேமிக்கப்படும். பெயரும் எண்ணும் ஒத்துப்போனால், அவற்றை ஒரு ஆளாகச் சேர்த்துத் திரையில் காட்டும். ஐஃபோனும் வெவ்வேறு கணக்கிலுள்ள அட்டைகளை இணைத்து ஒரே அட்டை போலக் காட்டும். கீழே அவை பிரிந்தேதான் இருக்கின்றன. மின்னஞ்சல் மென்பொருள் அந்த ஒட்டு வேலையைச் செய்வதில்லை, சர்வரில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே காட்டுகிறது. ஃபோனில் பார்த்து "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று நம்புவது பலரும் செய்யும் பிழை.

#8 மழைக்குறிப்பு | திங்கள், இரவு 8:55

இந்த ஒட்டு வேலையால் நான் பட்டது இது. ஃபோனில் ஒரு நண்பர் பெயரைத் திறந்தேன். உள்ளே ஒரே எண் இரண்டு முறை இருந்தது. "கூடுதலாக இருப்பதை எடுத்துவிடலாம்" என்று நினைத்து அழி என்று கொடுத்தேன். ஒட்டிக்காட்டிய எல்லாப் பதிவுகளும் சேர்ந்து போய்விட்டன. ஃபோனில் இருந்த பதிவு, கணக்கில் இருந்த பதிவு இரண்டுமே.

கூகுள் தொடர்புகளின் வலைப்பக்கத்தில் குப்பைத்தொட்டி இருக்கிறது. 30 நாள் வரை அங்கே இருக்கும். அதில் மீட்டேன். ஆனால் ஃபோனிலேயே மட்டும் சேமித்திருந்த பதிவு வரவில்லை. அதில்தான் அவருடைய வீட்டு முகவரி இருந்தது.

கடிதக்காரி, ஒழுங்குபடுத்தும் வேலையை ஃபோனில் செய்யாதீர்கள். பெரிய திரையில் வலைப்பக்கத்தைத் திறந்து செய்யுங்கள்.

#9 கடிதக்காரி | செவ்வாய், காலை 7:30

பேக்கப் எடுத்துவிட்டேன். சேகரிப்பதையும் நிறுத்திவிட்டேன். ஒரு வழியாவது அடைந்தது என்று ஒரு நிம்மதி. எல்லோருக்கும் நன்றி.

இனி எந்தப் புத்தகத்தை முதன்மையாக வைத்துக்கொள்வது? தனிப்பட்ட புத்தகத்தில் நான் கையால் எழுதிய குறிப்புகள் சில இருக்கின்றன. "மாலையில் மட்டும் அழைக்கவும்", "பெரிய எழுத்தில் அனுப்பவும்" என்பது போல. கணினி மாற்றிய பிறகு எழுதியவை. அவை ஜிமெயில் புத்தகத்தில் இருக்காது.

#10 நூலேணி | செவ்வாய், காலை 8:20

ஜிமெயில் புத்தகமே முதன்மை. காரணம், ஃபோனும் கணினியும் இரண்டும் அதையே பார்க்கின்றன. ஒரு இடத்தில் திருத்தினால் போதும்.

வேலையின் வரிசை முக்கியம். முதலில் முதன்மைப் புத்தகத்துக்கு உள்ளே இருக்கும் இரட்டைகள். அதன்பின் மற்ற புத்தகங்களில் மட்டும் இருக்கும் ஆட்கள். கடைசியில்தான் அழிப்பது. உங்கள் குறிப்புகள் முதன்மைக்குப் போய்ச் சேர்ந்த பிறகே பழைய அட்டையைத் தொட வேண்டும்.

முதன்மைக்குள் இருப்பதற்கு கூகுள் தொடர்புகளின் வலைப்பக்கத்தில் 'மெர்ஜ் அண்ட் ஃபிக்ஸ்' என்று இருக்கிறது. அது சந்தேகப்படும் ஜோடிகளைக் காட்டும். எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் சேர்க்கும் பொத்தானும் இருக்கும். அதை அழுத்தாதீர்கள். ஒவ்வொரு ஜோடியாகப் பாருங்கள். அப்படியும் தவறிவிட்டால், செட்டிங்ஸ் வழியாக 30 நாள் வரை பின்னோக்கிப் போய் முழுப் புத்தகத்தையும் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். இடையில் செய்த நல்ல திருத்தங்களும் சேர்ந்து போய்விடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஜோடியைப் பார்க்கும்போது பெயரை நம்பாதீர்கள், மின்னஞ்சலைப் பாருங்கள். இரண்டுமே சில சமயம் ஏமாற்றும். கணவன் மனைவி இருவரும் ஒரே மின்னஞ்சலைப் பயன்படுத்துவார்கள். அது இரட்டைப் பதிவல்ல. ஒரே பெயரில் இருவர் இருப்பார்கள், அதுவும் அல்ல.

#11 வரிசைஎண் | செவ்வாய், காலை 11:12

அந்த ஒரே பெயர் விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். என் அலுவலகத்தில் ஒரே பெயரில் இருவர். நான் பெயரை வைத்து மொத்தமாகச் சேர்த்தேன். ஒரே அட்டையில் இரண்டு மின்னஞ்சல் ஆகிவிட்டது. ஒருவருடைய மருத்துவச் சான்றை மற்றவருக்கு அனுப்பிவிட்டேன். அவர் பெரிய மனசோடு உடனே திருப்பி அனுப்பினார், யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அந்த நாள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. இரட்டைப் பதிவு இருப்பது தொல்லை. தவறாகச் சேர்ந்த பதிவு இருப்பது அதைவிடக் கெடுதல், ஏனென்றால் பார்த்தால் சுத்தமாகத் தெரியும்.

இனி, மற்ற புத்தகங்களில் மட்டும் யார் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க விரிதாள் போதும். இரண்டு புத்தகங்களையும் தண்டர்பேர்டிலிருந்தே எக்ஸ்போர்ட் செய்யுங்கள். புத்தகத்தின் பெயர் மேல் வலது சொடுக்கினால் வரும். ஒப்பிட மட்டும் சிஎஸ்வி. பேக்கப்புக்கு வீகார்டு. தண்டர்பேர்டின் சிஎஸ்வியில் மின்னஞ்சலுக்கு முதன்மை, இரண்டாவது என இரண்டு கட்டம்தான். மூன்று முகவரி வைத்திருப்பவரின் மூன்றாவது முகவரி அதில் வராது.

லிப்ரே ஆபிஸ் கால்க்கில் திறக்கும்போது ஒரு ஜன்னல் வரும். எழுத்துக் குறியீடு யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் தமிழ் உடையும். தொலைபேசி எண் வரும் நெடுவரிசைகளை "டெக்ஸ்ட்" என்று குறியுங்கள். இல்லாவிட்டால் முன்னாலிருக்கும் பூஜ்யமும் கூட்டல் குறியும் காணாமல் போகும்.

பிறகு ஒரு புதிய நெடுவரிசை. அதில் மின்னஞ்சலை முழுவதும் சிறிய எழுத்தாக்கி, முன்பின் இடைவெளிகளை நீக்கி எழுதுங்கள். லோயர், ட்ரிம் என்ற இரண்டு சார்புகள் போதும். இதுதான் ஒப்பிடும் சாவி. அந்தச் சாவி மற்ற தாளில் எத்தனை முறை வருகிறது என்று கவுண்ட்இஃப் சார்பால் எண்ணுங்கள். பூஜ்யம் வந்தால், அந்த முகவரி முதன்மையில் இல்லை. அந்த வரிகளை மட்டும் கண்ணால் பார்த்தால் போதும், 796ஐயும் அல்ல. இரண்டாவது மின்னஞ்சல் கட்டத்துக்கும் இதே வேலையைச் செய்ய மறக்காதீர்கள்.

இன்னொன்று: ஜிமெயில் முகவரிகளில் பெயர்ப் பகுதியில் வரும் புள்ளிகள் கணக்கில் வராது. புள்ளி வைத்ததும் வைக்காததும் ஒரே பெட்டிக்குத்தான் போகும். மற்ற சேவைகளில் அப்படி நினைத்துவிட வேண்டாம்.

#12 எழுத்தாணி | செவ்வாய், மாலை 5:45

பெயரை வைத்து ஒப்பிடவே கூடாது என்பதற்குத் தமிழில் கூடுதலாக ஒரு காரணம் இருக்கிறது. இதை யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன்.

"கோமதி" என்று எழுதுங்கள். அந்த முதல் எழுத்தைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரமும் ஓகாரக் குறியும் என இரண்டு குறியீடாக ஒன்று. ககரம், இரட்டைக்கொம்பு, கால் என மூன்று குறியீடாக இன்னொன்று. திரையில் இம்மியும் வித்தியாசம் தெரியாது. எந்த விசைப்பலகையில், எந்த மென்பொருளில் அடித்தோம் என்பதைப் பொறுத்தது. யூனிகோடு தரப்படி இரண்டும் சமம். அவற்றை ஒரே வடிவுக்குக் கொண்டுவர என்எஃப்சி என்ற முறையும் உண்டு. ஆனால் அதைச் செய்யாத மென்பொருளும் விரிதாளும் "இவை வேறு வேறு" என்றே சொல்லும்.

"கௌரி" இன்னும் மோசம். பலர் ககரத்துக்கு ஒற்றைக்கொம்பு போட்டு, பக்கத்தில் ளகரத்தை எழுத்தாகவே அடித்துவிடுவார்கள். பார்க்க அதே உருவம். ஆனால் அது உண்மையில் "கெ" என்ற எழுத்தும் "ள" என்ற எழுத்தும். என்எஃப்சியாலும் இதைச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் தரப்படியே அவை வேறு சொற்கள். "ஸ்ரீ" என்பதிலும் இதே சிக்கல்: ஸகரத்தில் தொடங்கியும் அடிக்கலாம், ஶகரத்தில் தொடங்கியும் அடிக்கலாம். பின்னது யூனிகோடில் 2005இல்தான் சேர்ந்தது. அதனால் பழைய பதிவுகளில் ஒரு விதமாகவும் புதியவற்றில் வேறு விதமாகவும் இருக்கக்கூடும்.

தேடல் பெட்டியில் பெயரை அடித்து வரவில்லை என்றால் "இந்த ஆள் இல்லை" என்று முடிவுகட்டிப் புதிதாகச் சேர்த்துவிடுகிறோம். பல இரட்டைப் பதிவுகள் அப்படிப் பிறந்தவை. வராவிட்டால் மின்னஞ்சலின் முதல் மூன்று நான்கு எழுத்தை அடித்துத் தேடிப் பாருங்கள்.

கூடவே முதலெழுத்து. முன்னால் போடுவோம், பின்னால் போடுவோம், புள்ளிக்குப் பின் இடைவெளி விடுவோம், விடமாட்டோம். ஒரே ஆளுக்கு நான்கு பெயர்.

முதலில் குப்பையாக வந்தது என்றீர்களே, அதுவும் எழுத்துச் சிக்கல்தான். ஃபோன்கள் பல இன்னும் வீகார்டு 2.1 என்ற பழைய வடிவில் எக்ஸ்போர்ட் செய்கின்றன. அதில் ஆங்கிலம் அல்லாத எழுத்துகளை, பைட்டுக்கு ஒரு சமக்குறி வைத்து எழுதும் முறை உண்டு. ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு யூடிஎஃப்-8இல் மூன்று பைட்டு. ஆக மூன்று சமக்குறி. படிக்கும் மென்பொருள் அதைத் திருப்பி எழுத்தாக்கவில்லை என்றால் நீங்கள் பார்த்தது வரும். உங்கள் மேல் தவறில்லை.

#13 கடிதக்காரி | புதன், இரவு 9:20

எழுத்தாணி, என் புத்தகத்தில் ஒரு கௌரி இரண்டு முறை இருந்தார். நேற்றுவரை எனக்கு ஏன் என்றே புரியவில்லை. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, பெயருக்குள் கர்சரை வைத்து ஒவ்வொரு எழுத்தாக நகர்த்திப் பார்த்தேன். ஒன்றில் ளகரத்தில் தனியாக நின்றது! இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்த இழையைத் தொடங்கியது தகும்.

இரண்டு மாலை உட்கார்ந்தேன். நிலவரம் இது. ஜிமெயில் புத்தகத்தில் 9 ஜோடிகளைக் காட்டியது. 7ஐச் சேர்த்தேன். இரண்டை விட்டுவிட்டேன்: ஒன்று ஒரே மின்னஞ்சலில் இருக்கும் தம்பதி, இன்னொன்று ஒரே பெயருடைய இரண்டு ஆசிரியர்கள். வரிசைஎண் எழுதியதைப் படிக்காமல் இருந்திருந்தால் அந்த ஆசிரியர்களைச் சேர்த்திருப்பேன். இப்போது 405.

விரிதாளில் ஒப்பிட்டதில் தனிப்பட்ட புத்தகத்தில் மட்டும் இருப்பவை 27 முகவரிகள். அவற்றில் 8 செத்த முகவரிகள், அனுப்பிய கடிதம் திரும்பி வந்தவை. 5 பேர் ஏற்கெனவே வேறு முகவரியோடு முதன்மையில் இருக்கிறார்கள். மீதி 14 பேர் உண்மையிலேயே விட்டுப்போனவர்கள். சேர்த்துவிட்டேன், 419. சேகரித்த முகவரிகளில் எனக்குத் தேவையானவர்கள் 11 பேர் மட்டும் இருந்தார்கள். அவர்களையும் சேர்த்து 430. குறிப்புகளையும் ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டிவிட்டேன்.

இப்போது மாட்டிக்கொண்டது பட்டியலில். ஜிமெயில் புத்தகத்துக்குள் பட்டியல் உருவாக்கப் பார்க்கிறேன், அந்தப் புத்தகம் தேர்விலேயே வரவில்லை.

#14 நூலேணி | வியாழன், காலை 6:50

அருமையாகச் செய்திருக்கிறீர்கள். 796ஐப் பார்த்து மலைத்த வேலை 27 வரிகளில் அடங்கிவிட்டது.

பட்டியல் விஷயத்தில் உங்கள் பக்கம் பிழை இல்லை. தண்டர்பேர்டில் கார்டுடாவ் புத்தகத்துக்குள் அஞ்சல் பட்டியல் வைக்க முடியாது. கணினியிலேயே இருக்கும் புத்தகத்தில்தான் முடியும். அதோடு, பட்டியலில் ஒரு முகவரியை எழுதும்போது, அந்த முகவரி பட்டியல் இருக்கும் புத்தகத்தில் இல்லையென்றால், அங்கே ஒரு புதிய அட்டை உருவாகும். இரட்டைப் பதிவு பிறக்கும் நான்காவது வழி இது. இதை மட்டும் அடைக்க முடியாது.

அதனால் இதை ஒத்துக்கொண்டு, தனி இடம் கொடுத்துவிடுவது நல்லது. "மாதக் கடிதம்" என்று கணினியில் ஒரு புதிய புத்தகம் தொடங்குங்கள். அதற்குள் பட்டியலை வையுங்கள். அந்தப் புத்தகத்தில் பெயரும் மின்னஞ்சலும் மட்டும். தொலைபேசி, குறிப்பு, வீட்டு முகவரி எதுவும் வேண்டாம். அவை எல்லாம் ஜிமெயில் புத்தகத்தில் மட்டும். ஒருவர் முகவரி மாற்றினால் இரண்டு இடத்தில் மாற்ற வேண்டும், உண்மைதான். ஆனால் எந்த இரண்டு இடம் என்பது தெரியும்.

பட்டியலில் இருக்கும் 64ஐயும் இந்தச் சாக்கில் ஒருமுறை படித்துவிடுங்கள். இரண்டு முறை கடிதம் பெற்ற மூவரும் இரண்டு முகவரியோடு அங்கே இருக்க வேண்டும்.

#15 புதுவரவு | வியாழன், காலை 9:05

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே தொல்லை, ஆனால் நான் பயன்படுத்துவது அவுட்லுக். தொடர்புகளைச் சுத்தம் செய்துவிட்டேன். ஆனாலும் "பெறுநர்" கட்டத்தில் இரண்டு எழுத்து அடித்தாலே அழித்த பழைய முகவரி வந்து நிற்கிறது. எங்கிருந்து வருகிறது?

#16 வரிசைஎண் | வியாழன், காலை 9:48

அது உங்கள் முகவரிப் புத்தகத்திலிருந்து வருவதல்ல. அவுட்லுக் முன்பு அனுப்பிய முகவரிகளைத் தனியாக ஒரு நினைவில் வைத்திருக்கிறது. தொடர்பை அழித்தாலும் அந்த நினைவு அழியாது. பரிந்துரையாக வரும்போது அதன் வலப்பக்கத்தில் இருக்கும் பெருக்கல் குறியைச் சொடுக்கினால் அந்த ஒரு முகவரி மட்டும் போய்விடும். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் காலிசெய்யும் பொத்தான் ஃபைல், ஆப்ஷன்ஸ், மெயில் என்ற வழியில் இருக்கிறது. ஆனால் நல்ல முகவரிகளும் மறந்துபோகும் என்பதால் நான் அதைத் தொடுவதில்லை.

அவுட்லுக்கில் சிஎஸ்வி இம்போர்ட் செய்யும்போது மூன்று தேர்வு கேட்கும்: இருப்பதை மாற்றிவிடு, இரட்டையை அனுமதி, இரட்டையை ஏற்றாதே. அவசரத்தில் அடுத்து அடுத்து என்று அழுத்திப் போகிறோம். அந்த இடத்தில் மட்டும் நின்று படியுங்கள்.

#17 சாளரம்_திற | வியாழன், மதியம் 12:30

இதையெல்லாம் தானா செய்யற நீட்சி (ஆட்-ஆன்) எதுவும் தண்டர்பேர்டுக்கு இல்லையா?

#18 நூலேணி | வியாழன், மதியம் 1:25

நீட்சிகள் உண்டு. ஆனால் 78ஆம் பதிப்போடு பழைய வகை நீட்சிகளை ஏற்பதைத் தண்டர்பேர்ட் நிறுத்திவிட்டது. 102ஆம் பதிப்பில் முகவரிப் புத்தகமே புதிதாக எழுதப்பட்டு, அட்டைகள் வீகார்டு வடிவத்துக்கு மாறின. பழைய வழிகாட்டிகளில் புகழப்படும் நீட்சி உங்கள் பதிப்புக்குப் பொருந்துகிறதா என்று அதன் பக்கத்தில் பார்த்த பிறகே நிறுவுங்கள். ஆயிரக்கணக்கில் இருந்தால் நானும் நீட்சியைத் தேடுவேன். நானூறு பேருக்குக் கண்ணும் விரிதாளும் பாதுகாப்பு. யார் யார் என்று உங்களுக்குத் தெரியும், நீட்சிக்குத் தெரியாது.

கடிதக்காரிக்கு ஒரு கடைசி எச்சரிக்கை. தனிப்பட்ட புத்தகத்தின் 796ஐ இனி அழிக்கலாம். ஆனால் இடப்பக்கம் எந்தப் புத்தகம் தேர்வாகியிருக்கிறது என்று இரண்டு முறை பாருங்கள். "எல்லா முகவரிப் புத்தகங்களும்" என்ற இடத்தில் நின்றுகொண்டு அழித்தால் ஜிமெயிலில் இருப்பவர்களும் போய்விடுவார்கள். ஒரு கார்டுடாவ் புத்தகத்தையே கணினியிலிருந்து நீக்கினால் சர்வரில் இருப்பது பத்திரமாக இருக்கும். அதற்குள்ளிருக்கும் தொடர்பை அழித்தால் சர்வரிலும் அழியும். இந்த இரண்டும் பலருக்கும் குழம்பும்.

#19 கடிதக்காரி | ஞாயிறு, காலை 10:10

முடிந்தது. ஜிமெயில் புத்தகம் 430. "மாதக் கடிதம்" புத்தகம் 61. மற்ற இரண்டும் காலி.

நூலேணி சொன்னது போலவே அந்த மூவரும் பழைய முகவரி, புதிய முகவரி என இரண்டாகப் பட்டியலில் இருந்தார்கள். மூவரிடமும் எது வேண்டும் என்று கேட்டுவிட்டே ஒன்றை எடுத்தேன். ஒருவர் பழையதையே வைத்துக்கொள்ளச் சொன்னார், நானாக முடிவு செய்திருந்தால் தவறாகியிருக்கும்.

கடிதம் கிடைக்காத அந்த அம்மாவின் முகவரியைத் திருத்தி, விட்டுப்போன போன மாதக் கடிதத்தை இன்று காலையே தனியாக அனுப்பினேன். பதிலும் வந்துவிட்டது. பேக்கப் ஃபோல்டரை இன்னும் இரண்டு மாதக் கடிதம் போய்ச் சேரும் வரை அழிக்காமல் வைத்திருக்கப் போகிறேன்.